‘சிஸ்டர்’ என்று அழைத்தால் போதுமா?

2025 ஜூலை 8-ம் தேதி காலை, கடலூருக்குத் தெற்கே செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளிக் குழந்தைகளை ஏற்றிச் சென்ற வேன் மீது பாசஞ்சர் ரயில் மோதியது. மூன்று பிள்ளைகளின் உயிர் பறிபோயிற்று. காயமடைந்தவர்களைக் கடலூர் அரசு தலைமை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இரண்டு மாதம்கூட முழுதாகக் கழியவில்லை. செப்டம்பர் முதல் வாரத்தில், செம்மங்குப்பம் - குடிகாடு வட்டாரத்து சிப்காட் ஆலை ஒன்றிலிருந்து ரசாயனப் புகை கசிந்தது. கண் எரிந்து, மூச்சுத் திணறி, ஜனங்கள் கூட்டம் கூட்டமாக அதே ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார்கள்.

இப்படிப்பட்ட நாட்களில் மந்திரிகள் வருவார்கள், அதிகாரிகள் வருவார்கள், பட்டம் பதவியோடு அவர்களுடைய பெயர்கள் மறுநாள் பத்திரிகையில் வரும். அவசரச் சிகிச்சை அளித்த பெரிய டாக்டர்களின் பெயரும் சில வேளைகளில் வரும். வரட்டும், ஆட்சேபமில்லை. ஆனால் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடியவர் யார்? ரத்தம் தோய்ந்த தரையை ஐந்து நிமிஷத்தில் கழுவி, அடுத்த குழந்தைக்கு இடம் செய்து கொடுத்தவர் யார்? ஆக்ஸிஜன் சிலிண்டரை உருட்டி வந்தவர் யார்? அவர்களுடைய பெயர் ஊருக்குத் தெரியாது. பத்து வருஷமாக ஒரே வார்டில் வேலை செய்பவர்களுக்கே தெரியாது. “ஏ ஆயா!”, “வார்டு பாய், இங்கே வா!” - ஆஸ்பத்திரியில் அவர்களுக்கு உள்ளது இவ்வளவுதான்.

யாரை யார் எப்படி அழைக்கிறார்கள் என்பது சின்ன விஷயம், நாகரிகத்தைப் பற்றிய விஷயம் என்று சிலர் நினைக்கலாம். நாம் அப்படிக் கருதவில்லை. அது கூலியைப் பற்றிய பிரச்னை. உரிமையைப் பற்றிய பிரச்னை. அதனால்தான் இதைப் பற்றி எழுதுகிறோம்.

ஏணியும் அதன் படிகளும்

அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் அரை நாள் உட்கார்ந்து காதைக் கொடுத்துக் கேட்டால் போதும். பெரிய டாக்டர் ‘சார்’ அல்லது ‘மேடம்’. நர்ஸ் ‘சிஸ்டர்’. மருந்து கொடுப்பவர், முறையாகப் படித்துப் பட்டம் பெற்ற பிறகும், ‘கம்பவுண்டர்’. சுத்தம் செய்யும் பெண் ‘ஆயா’. பேரன் பேத்தி எடுத்துவிட்ட ஐம்பத்தைந்து வயதுக்காரர் ‘வார்டு பாய்’. பாய் என்றால் பையன். பணி ஓய்வு பெறும் நாள் வரைக்கும் அவர் பையன்தான்!

இந்த ஏணியில் ஆண் பெண் பேதமும் உண்டு. வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்புமாக வரும் பெண் டாக்டரை நோயாளிகள் “சிஸ்டர், சிஸ்டர்” என்று கூப்பிடுவார்கள். அவருக்குப் பின்னால் கோப்பைத் தூக்கிக்கொண்டு வரும் ஆணை “டாக்டர் சார்” என்பார்கள். பெண் என்றால் பணிவிடை செய்பவள், ஆண் என்றால் உத்தரவு போடுபவன் என்று சமுதாயம் சொல்லிக் கொடுத்த பாடம் அது. நோயாளியின் மீது கோபித்துப் பயனில்லை.

மரியாதையின் ஏணியையும் சம்பளத்தின் ஏணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படிக்குப் படி பொருந்தும். எங்கே மரியாதை குறைகிறதோ அங்கே சம்பளமும் குறைகிறது. எங்கே சம்பளம் குறைகிறதோ அங்கே உத்தியோகம் நிரந்தரமில்லை, காண்டிராக்டர் வந்துவிடுகிறார். கீழ்ப்படிக்குப் போகப் போக எந்தச் சாதி மக்கள் அதிகமாக நிற்கிறார்கள் என்பதையும் நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

‘மருத்துவர்’ என்ற பெயரின் கதை

இன்று ‘மருத்துவர்’ என்பது கௌரவமான சொல். கல்யாணப் பத்திரிகையில் பெயருக்கு முன்னால் பெருமையோடு அச்சிடுகிறார்கள். ஆனால் தமிழ்நாட்டு அரசின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அதில் ‘மருத்துவர்’ ஒரு சாதியின் பெயர். நாவிதர், பிராணோபகாரி என்ற பெயர்களோடு சேர்ந்து ஒரே வரியில் நிற்கிறது. பிராணோபகாரி என்றால் உயிருக்கு உபகாரம் செய்பவர் என்று பொருள்.

முடி வெட்டியவர்களே கட்டியைக் கீறினார்கள், புண்ணுக்கு மருந்து கட்டினார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களே மருத்துவச்சிகள். கிராமத்தில் மிராசுதாரன் வீட்டுப் பிள்ளையும் அந்தக் கைகளில்தான் பிறந்தது. பிறந்த பிள்ளை வளர்ந்து, தன்னை உலகத்துக்குக் கொண்டு வந்த கிழவியை ‘வாடி, போடி’ என்று அழைத்தது. திண்ணையில் அவளுக்கு உட்கார இடமில்லை. கூலி, களத்தில் அளந்து போடும் நெல். தொழிலுக்கு எவ்வளவு பெரிய பெயர். தொழில் செய்தவருக்கு எவ்வளவு சிறிய இடம்!

இங்கிலாந்திலும் சர்ஜன்களின் மூதாதையர் நாவிதர்கள்தான். 1540-ல் நாவிதர்களும் சர்ஜன்களும் ஒரே சங்கமாக இணைக்கப்பட்டார்கள், 1745-ல் பிரிந்தார்கள். சர்வகலாசாலையில் படித்த வைத்தியருக்குத்தான் ‘டாக்டர்’ பட்டம். கத்தி பிடித்த சர்ஜனுக்கு வெறும் ‘மிஸ்டர்’. இன்று வரைக்கும் அந்நாட்டு சர்ஜன்கள் ‘மிஸ்டர்’ என்றே அழைத்துக் கொள்கிறார்கள். அதில் பெருமையும் கொள்கிறார்கள். அங்கே நாவிதரின் கத்தி ராயல் காலேஜ் ஏறியது. இங்கே சாதி அதைக் கிராமத்து எல்லையிலேயே நிறுத்திவிட்டது. வெள்ளைக்காரனின் மெடிக்கல் காலேஜ் வந்தபோது அந்த மருத்துவச்சியின் பேத்திக்கு அதன் கதவு திறக்கவில்லை. அவளுடைய பெயர் மட்டும் உள்ளே போய்விட்டது.

அந்த வெள்ளை சர்க்காரும் பட்டத்தை வைத்தே ஆட்களைத் தரம் பிரித்தது. உச்சியில் ஐ.எம்.எஸ். அதிகாரி. கீழே வெகுகாலம் உழைத்த இந்தியருக்கு முதலில் ‘நேட்டிவ் டாக்டர்’, பிறகு ‘ஹாஸ்பிடல் அசிஸ்டெண்ட்’, பிறகு ‘சப்-அசிஸ்டெண்ட் சர்ஜன்’ என்று பெயர் மாறியது. இன்றும் தமிழ்நாட்டில் அரசுப் பணியில் சேரும் டாக்டர், கத்தியைத் தொடாதவரானாலும், ‘அசிஸ்டெண்ட் சர்ஜன்’ என்றே சேருகிறார். ஆண்டவன் போய்விட்டான், அவன் போட்ட படிக்கட்டு நிற்கிறது.

சிதம்பரம் அறிந்த ‘டாக்டர்’

‘டாக்டர்’ என்ற பட்டத்துக்குத் தென்னார்க்காட்டு மண்ணில் தனியாகவே ஒரு வரலாறு உண்டு. 1971-ல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அன்றைய முதல் மந்திரி மு. கருணாநிதிக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. மாணவர்கள் எதிர்த்தார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. உதயகுமார் என்ற மாணவர் உயிரிழந்தார். பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளும் ஒரு சொல்லை ஒட்டி எழுந்த கிளர்ச்சியில் ஓர் இளைஞனைப் பறிகொடுத்த ஊர் சிதம்பரம்.

அதே பல்கலைக்கழக வளாகத்தில் 1985-ல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி பிறந்தது. 2013-ல் பல்கலைக்கழகத்தை அரசு சட்டம் போட்டு ஏற்றுக்கொண்டது. ஆக, அரசுக் கல்லூரி. ஆனால் எம்.பி.பி.எஸ். கட்டணம்? மற்ற அரசுக் கல்லூரிகளில் வருஷத்துக்குச் சில ஆயிரம். இங்கே ஐந்து லட்சத்துக்கு மேல்! பெயர் அரசுடையது, பில் தனியாருடையது. 2020 டிசம்பரில் மாணவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். ஐம்பது நாட்களுக்கு மேல் உறுதியாக நின்றார்கள். 2021 ஜனவரியில் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டது. மற்ற அரசுக் கல்லூரிகளின் கட்டணமே இங்கும் என்ற நிலை வந்தது. எட்டு வருஷம் வெறும் பலகையாக இருந்த பெயருக்கு மாணவர்கள் அர்த்தம் தேடிக் கொடுத்தார்கள்.

இதை நினைவில் வைத்துக்கொண்டு, 2025-ல் எழுந்த சர்ச்சையைப் பார்ப்போம். பிசியோதெரபிஸ்டுகள் தங்கள் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று போட்டுக்கொள்ளலாம், பின்னால் ‘பி.டி.’ என்று சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர்களுக்கான புதிய பாடத்திட்டம் கூறியது. எம்.பி.பி.எஸ். டாக்டர்களின் சங்கங்கள் எதிர்த்தன. செப்டம்பர் 9-ம் தேதி, போடக் கூடாது என்று மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநரகம் கடிதம் எழுதியது. மறுநாளே அதைத் திரும்பப் பெற்றது!

இதில் நமது கருத்து என்ன? லத்தீன் மொழியில் ‘டாக்டர்’ என்றால் போதிப்பவர். எம்.பி.பி.எஸ். என்பதும் இளநிலைப் பட்டம்தான். பழக்கத்தினால் ‘டாக்டர்’ என்கிறோம். எனவே அந்தச் சொல் ஒரு கூட்டத்தாருக்குப் பட்டா போட்டுக் கொடுத்த நிலமல்ல. வைத்தியத்தோடு சம்பந்தமே இல்லாத மந்திரிகளும் முதலாளிகளும் கௌரவ ‘டாக்டர்’களாகி மாலை போட்டுக் கொண்டபோது இந்தச் சங்கங்கள் இவ்வளவு கொதித்ததில்லை. பக்கவாதத்தில் விழுந்தவரை மாதக் கணக்கில் கைபிடித்து நடக்கவைக்கும் ஊழியர் போட்டுக்கொண்டால் மட்டும் கொதிப்பானேன்?

ஆனால் எதிர்த்தவர்கள் கூறும் ஒரு நியாயத்தை நாம் தள்ளிவிடவும் இல்லை. தன்னைத் தொட்டுப் பார்ப்பவர் யார், என்ன படித்தவர், எந்தச் சிகிச்சை செய்ய உரிமையுள்ளவர் என்பதை அறிய நோயாளிக்கு உரிமையுண்டு. போலி டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு உயிரை விடுபவன் ஏழைதான். ஆகவே பெயர்ப் பலகையிலும் சட்டைப் பையிலும் தொழில் தெளிவாக, தமிழில், பெரிய எழுத்தில் இருக்கட்டும். அதன் பிறகு முன்னொட்டு எதுவானாலும் மோசம் போவார் இல்லை.

பட்டம் உண்டு, சம்பளம் இல்லை

நடுப்படியில் நிற்பவர்கள் ஒரு சொல்லுக்காக மோதிக்கொண்டிருக்க, ஆட்சியாளர்கள் கீழ்ப்படிக்காரர்களுக்குப் பட்டங்களை அள்ளி வழங்குகிறார்கள். ஏன்? பட்டத்துக்குச் செலவில்லை.

108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் 2008-ல் ஓடத் தொடங்கியது. அதன் டிரைவருக்கு உத்தியோகப் பெயர் ‘பைலட்’. விமானம் ஓட்டுபவரின் பெயர்! ஆனால் ஷிப்டு பன்னிரண்டு மணி நேரம். எட்டு மணி நேர வேலை என்பது உலகத் தொழிலாளி ரத்தம் சிந்திப் பெற்ற உரிமை. அதைக் கேட்டு இந்தப் ‘பைலட்’டுகள் தெருவில் நிற்க வேண்டியிருக்கிறது.

2016-ல் மத்திய அரசு ஆஸ்பத்திரிகளில் ‘ஸ்டாஃப் நர்ஸ்’ என்ற பெயரை ‘நர்ஸிங் ஆபீஸர்’ என்று உயர்த்தினார்கள். அதே காலத்தில் தமிழ்நாட்டில் நடந்தது என்ன? போட்டிப் பரீட்சை எழுதித் தேறி, 2015-ல் ஒப்பந்தத்தில் வேலைக்கு வந்த நர்ஸுகளுக்கு மாதம் ரூ. 7,700. நிரந்தரப்படுத்து என்று 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். இரவும் பகலும் வெட்டவெளியில் உட்கார்ந்தார்கள். அவர்களை ‘சகோதரி’ என்று அழைக்க யாரும் மறுக்கவில்லை. சகோதரிக்குச் சேர வேண்டிய பங்கைக் கேட்டபோதுதான் கோர்ட்டும் போலீசும் குறுக்கே வந்தன.

பிறகு கொரோனா வந்தது. 2020 மார்ச் 22-ம் தேதி தட்டைத் தட்டச் சொன்னார்கள். மே 3-ம் தேதி ஆஸ்பத்திரிகள் மீது ஹெலிகாப்டரிலிருந்து பூத்தூவினார்கள். ‘முன்களப் பணியாளர்’ என்று பட்டம் சூட்டினார்கள். அந்த ஆபத்து நாட்களில் தமிழ்நாட்டில் தற்காலிகமாக எடுக்கப்பட்ட நர்ஸுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் 2022 டிசம்பர் 31-ம் தேதியோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். தொற்று ஓய்ந்தது, பட்டமும் ஓய்ந்தது.

‘துப்புரவுப் பணியாளர்’ இனி ‘தூய்மைப் பணியாளர்’ என்று 2020-ல் தமிழ்நாட்டு அரசு அறிவித்தது. பழைய பெயர்களில் ஒட்டியிருந்த இழிவைத் துடைப்பது நல்ல காரியமே, வரவேற்கிறோம். ஆனால் 2025 ஆகஸ்டில், துப்புரவு வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே என்று சென்னை ரிப்பன் மாளிகை முன்பு பதின்மூன்று நாள் உட்கார்ந்தவர்களும் இதே தூய்மைப் பணியாளர்கள்தான். அவர்களை நள்ளிரவில் போலீஸ் வேனில் ஏற்றியபோது புதிய பெயர் என்ன பாதுகாப்பு கொடுத்தது? அரசு ஆஸ்பத்திரிகளிலும் கூட்டிப் பெருக்கும் வேலை காண்டிராக்டர் கையில்தான் இருக்கிறது.

எல்லாவற்றிலும் தந்திரமான பெயர் ஒன்று உண்டு: ‘தன்னார்வலர்’. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற திட்டம் 2021 ஆகஸ்டு 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியது. வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கும் நல்ல திட்டம். 2024-ல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் கிடைத்தது. வெயிலில் அந்த வீடுகளின் படியேறும் பெண்களுக்கு என்ன பெயர்? மகளிர் சுகாதாரத் தன்னார்வலர். தொடக்கத்தில் கொடுத்தது மாதம் ரூ. 4,500. வடநாட்டில் 2005-லிருந்து ஓடியாடும் ‘ஆஷா’ பெண்களின் கதையும் இதுவே. 2022-ல் உலக சுகாதார ஸ்தாபனமே அவர்களுக்கு விருது கொடுத்தது. ஆனால் கையில் விழுவது சம்பளமல்ல, ‘ஊக்கத் தொகை’.

‘தொழிலாளி’ என்று எழுதினால் குறைந்தபட்சக் கூலி கொடுக்க வேண்டும், பி.எப். கட்ட வேண்டும், இ.எஸ்.ஐ. வேண்டும், பிரசவ விடுப்பு வேண்டும். ‘தன்னார்வலர்’ என்று எழுதிவிட்டால் ஒன்றும் வேண்டாம். ஒரு சொல்லை மாற்றி எத்தனை கோடி மிச்சம் பிடிக்கிறார்கள் பாருங்கள்! இத்தகைய திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்க வேண்டுமென்று 2013-லேயே 45-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு சிபாரிசு செய்தது. அங்கன்வாடி ஊழியர்களின் வழக்கில், ‘கௌரவத் தொகை’ என்று பெயர் வைத்தாலும் அது கூலிதான், கிராஜுவிட்டி கொடுத்தாக வேண்டும் என்று 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. பெயர் சின்ன விஷயம் என்பவர்கள் இந்தத் தீர்ப்பை ஒருமுறை படிக்கட்டும்.

டாக்டர்களின் நிலைமை மட்டும் உயர்ந்ததா? 2019 அக்டோபரில் தமிழ்நாட்டு அரசு டாக்டர்கள் உரிய சம்பளம் கேட்டு ஸ்டிரைக் செய்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்களை ஊர் விட்டு ஊர் மாற்றிப் பழிவாங்கினார்கள். ‘டாக்டர் சார்’ என்று கைகூப்பும் சர்க்காருக்கு, உரிமை கேட்டவுடன் அவரும் ஒரு கூலியாளாகவே தெரிகிறார். இதை டாக்டர்கள் மறக்கக் கூடாது. அவர்களுடைய துணை மேற்படியில் இல்லை. பக்கத்தில் நிற்கும் நர்ஸிடமும் ஸ்ட்ரெச்சர் தள்ளுபவரிடமும் இருக்கிறது.

நோயாளிக்குப் பெயர் உண்டா?

ஏணியின் அடியில் நிற்பவர் நோயாளி. அவர் ‘பன்னிரண்டாம் பெட்’; இல்லாவிட்டால் ‘சுகர் கேஸ்’. ஓ.பி. சீட்டு கொடுக்கும் இடத்தில் பேன்ட் சட்டைக்காரருக்கு “வாங்க சார்”, அவருக்குப் பின்னால், அவருடைய தாய் வயதில் நிற்கும் கூலிக்காரப் பெண்ணுக்கு “ஏய், சீக்கிரம் சொல்லு!”. நாமே பலமுறை கேட்டுக் கூசிய குரல் அது.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட முடியாது. இரண்டு பேர் வேலையை ஒருவர் செய்யும்போது வாய் கடுக்கும். ஆனால் அந்தக் கடுப்பு மேலே போகாமல் கீழேயே இறங்குவதேன்? டீனிடம் திட்டு வாங்கும் டாக்டர் நர்ஸைத் திட்டுகிறார், நர்ஸ் ஆயாவை, ஆயா நோயாளியை. காலியிடங்களை நிரப்பாத சர்க்கார் மட்டும் யாரிடமும் திட்டு வாங்குவதில்லை!

கொள்ளிடத்துக்குத் தெற்கே, கீழத்தஞ்சையில், ‘அடே’ என்ற ஒரு சொல்லோடுதான் பண்ணையடிமைத்தனம் நின்றது. சவுக்கடியும் சாணிப்பாலும் அந்தச் சொல்லுக்குப் பின்னாலேயே வந்தன. 1940-களில் தோழர் பி. சீனிவாசராவ் கிராமம் கிராமமாக நடந்து விவசாயத் தொழிலாளிகளைத் திரட்டியபோது, கூலி நெல்லையும் தலைநிமிர்ந்து பேசும் உரிமையையும் சேர்த்தே கேட்டார்கள், சேர்த்தே பெற்றார்கள். மரியாதை முதலில், கூலி பிறகு என்று அவர்கள் காத்திருக்கவில்லை. கூலி கிடைத்தால் போதும், எப்படி வேண்டுமானாலும் கூப்பிடு என்றும் விட்டுவிடவில்லை.

நாம் கேட்பது

ஆஸ்பத்திரிக்கும் அந்த வழிதான். ஐந்து கோரிக்கைகளை முன்வைக்கிறோம்.

ஒன்று: ‘தன்னார்வலர்’, ‘ஊக்கத் தொகை’, ‘கௌரவ ஊதியம்’ என்ற மறைப்புச் சொற்களை நீக்கி, வேலை செய்பவர் அனைவரையும் ஊழியர் என்று எழுது, ஊழியருக்குரிய சம்பளத்தைக் கொடு.

இரண்டு: நிரந்தரமான வேலையில் காண்டிராக்டை ஒழி. நர்ஸுகள், துப்புரவு ஊழியர்கள், 108 ஊழியர்கள் அனைவருக்கும் நிரந்தர வேலையும் எட்டு மணி நேர ஷிப்டும் வேண்டும்.

மூன்று: காலியிடங்களை நிரப்பு. ரசாயனப் புகையைச் சுவாசித்து வாழும் செம்மங்குப்பம், குடிகாடு போன்ற ஊர்களுக்கு, ஆலை நோய்களை அறிந்த டாக்டரும் நிரந்தர ஊழியர்களும் உள்ள மருத்துவ நிலையம் தேவை.

நான்கு: டாக்டர் முதல் துப்புரவு ஊழியர் வரை எல்லோர் சட்டையிலும் பெயரும் தொழிலும் தமிழில் இருக்கட்டும். ‘வார்டு பாய்’, ‘ஆயா’ என்ற அழைப்புகள் ஒழியட்டும். பெயர் சொல்லி, ‘வாங்க, போங்க’ என்று அழைப்பதே முறையாகட்டும்.

ஐந்து: நோயாளியைப் பெயர் சொல்லி, ‘நீங்கள்’ என்று அழைப்பது ஆஸ்பத்திரியின் விதியாகட்டும். அது அவர் மீது காட்டும் தயவல்ல. அந்தக் கட்டிடம் அவருடைய வரிப்பணத்தில் எழுந்தது.

கடைசிக் கோரிக்கை இரண்டுக்கும் கஜானாவிலிருந்து காசு தேவையில்லை. சர்க்கார் உத்தரவுக்குக் காத்திருக்கவும் தேவையில்லை. ஆஸ்பத்திரியில் உள்ள சங்கங்கள் நாளைக் காலை ஷிப்டிலேயே தொடங்கலாம். டாக்டர் சங்கமும், நர்ஸுகள் சங்கமும், துப்புரவு ஊழியர் சங்கமும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, முதலில் ஒருவரையொருவர் பெயர் சொல்லி மரியாதையோடு அழைக்கட்டும். அப்படி அழைத்துப் பழகியவர்கள்தான் முதல் மூன்று கோரிக்கைகளுக்காகவும் ஒன்றாகத் தெருவில் இறங்க முடியும்.